வெயிலா, குளிரா: கல்லூரி ஃபுட்பாலுக்கு எந்த மேட்ச் டிக்கெட் எடுப்பது?

அமெரிக்காவில் படிக்க வந்த பிள்ளைகள், வேலைக்கு வந்து சில வருடம் ஆனவர்கள், பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர்கள் என மூன்று தரப்பிலும் ஒரே கேள்விதான் வருகிறது. "ஒரு தடவையாவது அந்தப் பெரிய ஸ்டேடியத்தில் உட்கார்ந்து கல்லூரி ஃபுட்பால் பார்க்கணும். செப்டம்பர்ல போனா வெயில் தாங்காதுங்கறாங்க, நவம்பர்ல போனா குளிர் தாங்காதுங்கறாங்க. எதுக்குத்தான் டிக்கெட் எடுக்கறது?"

நியாயமான கேள்வி. நம் ஊர்க் கால்பந்து இல்லை இது, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால். சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் முடியும்வரை ஓடுகிறது. ஒரு அணிக்கு 12 மேட்ச். அதன் பிறகு டிசம்பரில் தொடங்குவது சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப். தெற்கில் கோடை இன்னும் விடாத நேரத்தில் தொடங்கி, வடக்கில் பனி விழும் நேரத்தில் முடிகிற விளையாட்டு இது. ஸ்டேடியங்களோ பெரும்பாலும் திறந்த வெளி. ஆன் ஆர்பரில் இருக்கும் மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். பொதுச் சீட்டுகளில் தலைக்கு மேல் வானம்தான். சேப்பாக்கத்தில் பகல் மேட்ச் பார்த்த அனுபவத்தை வைத்து இதைக் கணக்குப் போட வேண்டாம். அங்கே பெரும்பாலான கேலரிகளுக்குக் கூரை உண்டு.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மேட்ச் எத்தனை மணிக்கு, சீட் எந்தப் பக்கம், கூட வருவது யார் என்ற மூன்றையும் பாருங்கள். வெயிலைச் சமாளிப்பது டிக்கெட் வாங்கும்போதே முடிந்துவிட வேண்டிய வேலை. தப்பான நேரத்தில் தப்பான பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் பெரிதாகச் செய்வதற்கு ஒன்றுமில்லை. குளிர் அப்படி இல்லை. அதை மேட்ச் நாளன்று வீட்டை விட்டுக் கிளம்பும்போது சரியாக உடுத்திக்கொண்டே சமாளிக்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

எத்தனை மணி நேரம் வெளியே இருப்போம்? மேட்ச் சுமார் மூன்றரை மணி நேரம். ஆட்ட நேரம் ஒரு மணிதான் என்றாலும் விளம்பர இடைவேளை, நடுவில் 20 நிமிட ஹாஃப்டைம் எல்லாம் சேர்ந்து அவ்வளவு ஆகிவிடும். இதோடு கார் நிறுத்திவிட்டு நடப்பது, டெயில்கேட் எனப்படும் பார்க்கிங் லாட் விருந்து, கேட் வரிசை, முடிந்தபின் கூட்டத்தோடு வெளியேறுவது எல்லாம் உண்டு. மொத்தம் ஆறு ஏழு மணி நேரம் வானத்துக்குக் கீழேதான். பல ஸ்டேடியங்களில் ஒருமுறை வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பதால், காருக்குப் போய்க் கொஞ்சம் ஏசியிலோ ஹீட்டரிலோ உட்கார்ந்துவிட்டு வரலாம் என்ற நினைப்பும் நடக்காது.

கூட வருவது யார்? இருபது வயது மாணவனுக்குச் சரியாக இருப்பது அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு ஆபத்தாகலாம். ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களுக்கு வெயிலில் உடம்பு சீக்கிரம் வறண்டுபோகும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் சூட்டைத் தாங்கும் சக்தி குறையும். நெஞ்சுவலி உள்ளவர்களுக்குக் குளிர் ஆகாது. ரத்தக் குழாய் சுருங்கி இதயத்துக்கு வேலை கூடும். சின்னக் குழந்தைகளுக்கு இரண்டு பக்கமும் சிரமம். சூடும் சீக்கிரம் ஏறும், குளிரும் சீக்கிரம் ஏறும்.

நம் கையில் என்ன இருக்கிறது? எந்த அளவுக்கு நம் ஏற்பாட்டால் நிலைமையை மாற்ற முடியும் என்பது.

டிக்கெட்டுக்கு மேல் என்ன செலவு? இதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை.

மேட்ச் எப்படிப்பட்டது? இவ்வளவு சிரமப்பட்டுப் போய் ஒருதலைப்பட்சமான ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

## செப்டம்பர் பகல் மேட்ச், தென் மாநிலங்கள்

டெக்சாஸ், லூசியானா, அலபாமா, ஜார்ஜியா, புளோரிடா. செப்டம்பர் முதல் வாரத்தில் ஆஸ்டினில் சராசரியாகவே பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸ். மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய ஊர்களில் இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கும். ஆனால் புழுக்கம் அதை ஈடுகட்டிவிடும். 32 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்பு உணர்வது 41 டிகிரி. அமெரிக்க வானிலைத் துறை சொல்லும் இந்த 'ஹீட் இண்டெக்ஸ்' நிழலில் இருப்பவருக்கான கணக்கு என்பதை மறக்க வேண்டாம். நேர் வெயிலில் இன்னும் 8 டிகிரி வரை கூடலாம். அதாவது போனில் தெரியும் எண் நம் சீட்டின் எண் அல்ல.

"வெயில் நமக்கென்ன புதுசா? மெட்ராஸ் வெயிலையே பார்த்தவங்க" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் மே மாதத்து மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெட்டவெளியில் அசையாமல் யாரும் உட்காருவதில்லை. நிழல் தேடி ஒதுங்கி, விசிறிக்கடியில் படுத்து, நாலு மணிக்கு மேல் வெளியே வருவதுதான் நம் வழக்கம். இங்கே அந்த வழக்கத்துக்கு வழியே இல்லை. தவிர, உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். பழகியதும் ஏசியில் சில வாரம் இருந்தாலே போய்விடும். பத்து வருடம் ஏசி வீடு, ஏசி கார், ஏசி ஆபீஸ் என்று இருந்தவருக்கு மெட்ராஸில் பிறந்தது துணைக்கு வராது.

இனி சீட் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெயில் மேட்ச்சின் வெற்றி தோல்வி இதில்தான் இருக்கிறது.

மைதானங்கள் பெரும்பாலும் வடக்கு தெற்காக அமைந்திருக்கும். சூரியன் மேற்கே இறங்க இறங்க, மேற்குப் பக்க கேலரியில் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுப் பக்கம் சூரியன் போய்விடும். மேல் அடுக்கின் நிழலும் அவர்கள் மேல்தான் முதலில் விழும். கிழக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மாலை வரை முகத்தில் வெயில். பத்திரிகையாளர் பெட்டி பெரும்பாலும் மேற்கில் இருப்பதற்கும், விருந்தினர் அணி ரசிகர்களின் இடம் பல ஸ்டேடியங்களில் வெயில் பக்கமாக அமைவதற்கும் இதுவே பின்னணி. மயாமி பல்கலைக்கழக அணி ஆடும் ஹார்டு ராக் ஸ்டேடியத்தில் 2016-ல் பெரிய கூரை விதானம் போட்டபிறகு பெரும்பாலான சீட்டுகளுக்கு நிழல் கிடைத்தது. அப்படி ஒரு வசதி இல்லாத இடங்களில் நாமாகத்தான் தேடி எடுக்க வேண்டும்.

மத்திய நேரப்படி பிற்பகல் 2:30 மேட்ச் என்றால் மேற்குப் பக்கம் எடுத்தால் பாதி மேட்ச் நிழலில் போகும். காலை 11 மணி மேட்ச் என்றால் அந்தக் கணக்கும் எடுபடாது. கோடை நேரக் கணக்கில் டெக்சாஸில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றரை மணி வாக்கில். 11 மணிக்குத் தொடங்கி இரண்டரைக்கு முடியும் மேட்ச் முழுவதும் சூரியன் தலைக்கு மேலேயே நிற்கும், கிழக்கானாலும் மேற்கானாலும் ஒன்றுதான். அப்போது ஒரே வழி, மேல் அடுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்குக் கீழே வரும் பின்வரிசைகள். பார்வை கொஞ்சம் மறைந்தாலும் பரவாயில்லை, அந்த வரிசைகளையே எடுங்கள். டிக்கெட் தளங்களில் சீட்டிலிருந்து மைதானம் எப்படித் தெரியும் என்று படம் இருக்கும். அதில் தலைக்கு மேல் கான்கிரீட் தெரிகிறதா என்று பாருங்கள்.

பெஞ்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொதுச் சீட்டுகள் பல இடங்களில் சாய்மானம் இல்லாத நீளமான அலுமினிய பெஞ்சுகள், வண்ணத்தில் எண் மட்டும் எழுதியிருக்கும். வெயிலில் கிடந்த அந்த பெஞ்சில் அரைக்கால் சட்டையோடு உட்காரும் பிள்ளை துள்ளி எழுந்துவிடும். உட்கார மெத்தை கொண்டு போங்கள். வெளியிலிருந்து அனுமதிக்காத இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும். மாணவர் பகுதியில் எப்படியும் உட்காரப் போவதில்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கைல் ஃபீல்டில் 'பன்னிரண்டாவது ஆள்' என்பது 1922-லிருந்து வரும் மரபு. அணிக்கு ஆள் தேவைப்பட்டால் இறங்கத் தயார் என்று மாணவர்கள் மேட்ச் முழுக்க நின்றுகொண்டே இருப்பார்கள். மிக அழகான மரபுதான். செப்டம்பர் வெயிலில் மயங்கி விழுபவர்களைப் படியில் தாங்கி இறக்குவதும் அங்கிருந்துதான் அதிகம் பார்க்க முடியும். முட்டியை இறுக்கி நிற்காமல், அவ்வப்போது காலை மாற்றி, கணுக்காலை அசைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மறைமுகச் செலவுகள்: தண்ணீர் முதலாவது. சில ஸ்டேடியங்கள் பிரிக்காத ஒரு பாட்டில் அனுமதிக்கின்றன, சில காலி பாட்டில் மட்டும், சில எதையும் விடுவதில்லை. கிளம்புவதற்கு முன் அந்த ஸ்டேடியத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள். பை என்றால் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை மட்டும்தான். 12 அங்குலத்துக்கு 12 அங்குலம், 6 அங்குல அகலம் என்பது பரவலான அளவு. குடைக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. சன்ஸ்க்ரீன் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், இரண்டு மணிக்கொருமுறை பூச வேண்டும். ஸ்ப்ரே டப்பா சில இடங்களில் தடை, ட்யூப்தான் பாதுகாப்பு. டெயில்கேட்டுக்கு உப்புப் போட்ட நீர்மோரை ஐஸ் பெட்டி நிறையக் கொண்டு போனால் அதைவிட நல்ல பானம் அங்கே வேறில்லை. பியரை வெயிலில் குடித்துவிட்டு உள்ளே நுழைபவர்கள்தான் முதலில் சுருண்டு விழுகிறார்கள்.

இன்னொன்று மின்னல். கோடைக் கடைசியில் தெற்கில் மத்தியான இடிமழை சகஜம். 8 மைலுக்குள் மின்னல் வந்தால் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். நடுவில் இன்னொன்று அடித்தால் எண்ணிக்கை முதலிலிருந்து. மூன்றரை மணி மேட்ச் ஆறு மணி நேரமாகும். அன்றிரவே விமானம் பிடிக்கத் திட்டமிடாதீர்கள்.

சரி, இதை யார் எடுக்கலாம்? சீசன் தொடக்கத்தில் பெரிய அணிகள் சின்னக் கல்லூரிகளைக் கூப்பிட்டு ஆடும். முடிவு முன்பே தெரிந்த ஆட்டங்கள், அதனால் டிக்கெட் மலிவு. ஸ்டேடியத்தையும் மார்ச்சிங் பேண்டையும் கூட்டத்தையும் ஒருமுறை பார்த்தால் போதும், ஹாஃப்டைமில் கிளம்பிவிடுவோம் என்பவர்களுக்கு இது சரியான தேர்வு. முழு மேட்ச் உட்கார வேண்டும் என்றால், நிழல் சீட் உறுதியாகக் கிடைத்தால் மட்டும்.

## செப்டம்பர் இரவு மேட்ச், தென் மாநிலங்கள்

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் பேட்டன் ரூஜில் 1931-லேயே விளக்குப் போட்டு இரவு மேட்ச் ஆடத் தொடங்கிவிட்டது. வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் தப்புவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இன்றைக்கும் அந்த அணியின் டைகர் ஸ்டேடியத்தில் சனிக்கிழமை இரவு என்றால் அதற்குத் தனி மவுசு. அங்கே செப்டம்பர் முதல் பாதியில் ஏழரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஆறரை, ஏழு மணிக்குத் தொடங்கும் மேட்ச்சில் முதல் கால்பகுதி தாண்டினால் நேர் வெயில் இல்லை. அந்த ஒரு வித்தியாசமே உடம்புக்குப் போதும். புழுக்கம் இருக்கும், சட்டை நனையும், ஆனால் தலை சுற்றாது.

பாலைவனத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அரிசோனாவில் டெம்பியில் செப்டம்பர் தொடக்கத்தில் பகல் 40 டிகிரியைத் தொடும். இரவு ஏழரைக்குத் தொடங்கினாலும் பெரும்பாலும் 35-க்கு மேலேதான் இருக்கும். பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் நடுராத்திரி வரை அனலைத் திருப்பித் தந்துகொண்டிருக்கும். அங்கே புழுக்கம் குறைவு, வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இரவு மேட்ச்சின் விலை வேறு விதமானது. முடிய பத்தரை பதினொன்று ஆகும், பார்க்கிங்கிலிருந்து கார் நகர இன்னொரு மணி நேரம். அந்த ஊரில் ஒரு இரவு தங்கியே ஆக வேண்டும். மேட்ச் வார இறுதியில் கல்லூரி ஊர் ஹோட்டல்கள் விலையை ஏற்றுவதோடு, இரண்டு இரவு கட்டாயம் என்றும் கேட்பார்கள். முப்பது நாற்பது மைல் தள்ளி அறை எடுத்தால் மிச்சமாகும். கூட்டமும் பகல் முழுக்கக் குடித்துவிட்டு வந்த கூட்டமாக இருக்கும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

இருந்தாலும், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப்போக இதைவிட நல்லது இல்லை என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலான பெற்றோர்கள் கோடையில் வந்து அக்டோபரில் திரும்புகிறவர்கள். அவர்களிடம் குளிர் உடுப்பு இல்லை, வாங்கினாலும் ஒருநாளுக்குத்தான். இரவு மேட்ச், கீழ் அடுக்கு, படி அதிகம் ஏறாத சீட். அவ்வளவுதான் பார்க்க வேண்டியது.

இதில் இன்னொரு சாதகமும் உண்டு. சீசனின் முதல் மூன்று வார மேட்ச்கள் எத்தனை மணிக்கு என்பது மே கடைசி, ஜூன் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். அதனால் 'இரவு மேட்ச்தான்' என்று நேரம் பார்த்தே டிக்கெட் வாங்கலாம். பிந்தைய வாரங்களுக்கு இந்த வசதி இல்லை. டிவி நிறுவனங்கள் பல மேட்ச்களின் நேரத்தை 12 நாளுக்கு முன்புதான் சொல்லும், சில நேரம் 6 நாளுக்கு முன்பு.

## நவம்பர் பகல் மேட்ச், வட மாநிலங்கள்

மிச்சிகன், ஒஹாயோ, விஸ்கான்சின், அயோவா, மினசோட்டா, பென்சில்வேனியா. விஸ்கான்சினில் மேடிசனில் நவம்பர் கடைசியில் பகல் உச்சமே 4, 5 டிகிரிதான். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் இங்கே சொல்லும் நான்கு வகை மேட்ச்களிலும் எனக்கு இதுவே பிடித்தமானது.

குளிரில் செய்வதற்கு நிறைய இருக்கிறது என்பது முதல் காரணம். உடம்பை ஒட்டி ஒரு தெர்மல், மேலே கம்பளி அல்லது ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். மூன்றையும் தேவைக்கேற்ப கழற்றலாம், போடலாம். புடவை கட்டும் அம்மாக்களுக்கு உள்ளே தெர்மல் கால்சட்டையும் கம்பளி சாக்ஸும் போட்டு, மேலே முழங்கால் வரை வரும் கோட் போட்டால் போதுமானது. உடம்பை ஒட்டிக் காட்டன் வேண்டாம். பார்க்கிங்கிலிருந்து நடக்கும்போது வியர்த்து நனைந்துவிடும், அப்புறம் உட்கார்ந்ததும் அந்த ஈரமே குளிரும்.

பலரும் தலைக்கும் கைக்கும் போட்டுக்கொண்டு காலை விட்டுவிடுகிறார்கள். திறந்தவெளி மேட்ச்சில் முதலில் தோற்பது பாதம். கான்கிரீட் தரையும் அலுமினியப் படியும் ஷூ வழியாகச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பழைய ரசிகர்களைக் கவனியுங்கள். கையில் மடித்த அட்டைப்பெட்டித் துண்டோடு வருவார்கள். உட்கார்ந்ததும் அதை விரித்துக் காலுக்குக் கீழே போட்டுக்கொண்டு, மேட்ச் முடியும்வரை அதன்மேல்தான் பாதம். கேட்டில் விடாவிட்டால் உள்ளே வாங்கும் பீட்சாவின் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொள்வார்கள். செலவில்லாத இந்த ஏற்பாடு விலையுயர்ந்த பூட்ஸைவிட நன்றாக வேலை செய்யும். இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்து ஷூவை இறுக்கிவிடாதீர்கள். ரத்த ஓட்டம் நின்றால் இன்னும் குளிரும். ஒரு கனமான கம்பளி சாக்ஸ், விரல் அசைய இடம் இருக்கும் ஷூ.

ஹேண்ட் வார்மர் என்று சின்னப் பொட்டலம் விற்கும். உள்ளே இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்து துருப்பிடிக்கும் சூடுதான் அது. பிரித்துப் பதினைந்து நிமிடம் கழித்தே நன்றாகச் சூடாகும், அதனால் கேட் வரிசையில் நிற்கும்போதே பிரியுங்கள். தோலில் நேராக வைக்க வேண்டாம். ஒன்றைப் போன் இருக்கும் பையில் போடுங்கள், ஏனென்றால் குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும், இப்போது டிக்கெட்டே போனில்தான் இருக்கிறது. வெயிலிலும் இதே கதைதான்: ஐபோனுக்கு 35 டிகிரி வரைதான் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். இரண்டு பருவத்திலும் டிக்கெட்டை முந்தின நாளே போனின் வாலெட் ஆப்பில் சேர்த்து, நீங்கள் ஒருவரும் கூட வருபவர் ஒருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது.

சீட் கணக்கு இங்கே தலைகீழ். செப்டம்பரில் தவிர்த்த கிழக்குப் பக்கம்தான் நவம்பரில் வேண்டும். மதியச் சூரியன் முகத்தில் விழும். மேல் அடுக்கின் உச்சி வரிசைகள் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். காற்று அங்கேதான். மைனஸ் 1 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் காற்று அடித்தால் மைனஸ் 7 போல உடம்பு உணரும். மிச்சிகன் ஸ்டேடியம் மாதிரி தரையைத் தோண்டிக் கட்டிய கிண்ணங்களில் கீழ் வரிசைகளுக்குக் காற்று எட்டுவது குறைவு.

கவனிக்க வேண்டியது சூரியன் மறையும் நேரம். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதன் பிறகு மேடிசனில் நாலரைக்கே இருட்டு. பகல் 2:30 மேட்ச் என்று நினைத்துப் போவீர்கள், இரண்டாம் பாதி முழுக்க ராத்திரி. டிக்கெட்டில் 'பகல்' என்று இருந்தாலும் இரவுக்கு உடுத்திக்கொண்டு போக வேண்டும். 11 மணி மேட்ச்தான் உண்மையான பகல் மேட்ச். தெற்கில் செப்டம்பரில் மிக மோசமான அதே நேரம் வடக்கில் நவம்பரில் மிகச் சிறந்தது.

மேட்ச்சின் தரத்தில் நவம்பருக்குப் போட்டியே இல்லை. ஆண்டுக்கணக்கில் பகை பாராட்டும் அணிகள் கடைசி வாரத்தில்தான் மோதும். மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் 1950-ல் ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் பனிப்புயலுக்கு நடுவே ஆடிய மேட்ச்சை இன்றும் பேசுகிறார்கள். மிச்சிகன் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறுவது) எடுக்காமல் 9-3 என்று ஜெயித்தது. கோடுகளே தெரியாத அந்தப் பனியில் சுமார் 50,000 பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அயோவாவின் கின்னிக் ஸ்டேடியத்தைச் சொல்வேன். 2017-லிருந்து முதல் கால்பகுதி முடிந்ததும் மொத்த ஸ்டேடியமும் எழுந்து திரும்பி, பக்கத்தில் இருக்கும் குழந்தைகள் மருத்துவமனையின் ஜன்னல்களைப் பார்த்துக் கையசைக்கும். கண் கலங்காமல் அதைப் பார்ப்பது கடினம்.

செலவு: முதல்முறை உடுப்பு வாங்குவதுதான் பெரிது. வடக்கில் வசிப்பவர்களுக்கு அது எப்படியும் வேண்டியது. ஹூஸ்டனிலிருந்து ஒருநாள் மேட்ச்சுக்குப் பறப்பவர்கள் வடக்கே இருக்கும் நண்பரிடம் கடன் வாங்குங்கள். கடைசி வாரம் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வாரம் என்பதால் விமானக் கட்டணமும் ஏறும், பனியால் விமானம் தள்ளிப்போகும் சாத்தியமும் சேரும். டிக்கெட் விலை அணியைப் பொறுத்தது. தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் நவம்பர் டிக்கெட் கடைசி இரண்டு நாளில் மறுவிற்பனையில் சரிந்துவிடும். வானிலை அறிக்கை மோசமாக வந்தால் இன்னும் சரியும். நன்றாக உடுத்தத் தெரிந்தவருக்கு அது லாபம்.

## டிசம்பர் இரவு, வடக்கு

2024-ல் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்தபோது முதல் சுற்று மேட்ச்கள் கல்லூரி வளாகங்களுக்கே வந்தன. அந்த டிசம்பரில் டென்னசி அணி கொலம்பஸுக்கு வந்து, உறைநிலைக்குக் கீழே இருந்த இரவில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 42-17 என்று தோற்றது. சீசனின் உச்சம் இதுதான். ஆனால் விவரம் தெரிந்தே போக வேண்டும். காற்றோடு சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 28-ஐ நெருங்கினால் திறந்திருக்கும் தோல் அரை மணியில் உறைந்துபோகலாம். மது குடித்தால் சூடேறும் என்பது தப்பு. தோலுக்கு ரத்தம் ஏறி சூடு மாதிரித் தெரியும், உள்ளே உடம்பு வேகமாகக் குளிர்ந்துகொண்டிருக்கும். குழந்தைகளையும் வயதானவர்களையும் இதற்கு அழைத்துப்போகவே வேண்டாம்.

## கூரைக்குக் கீழே, அல்லது அக்டோபரில்

இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்கு உள்ளரங்குகள் உண்டு. நார்த் டகோட்டா ஸ்டேட் அணி ஆடும் ஃபார்கோடோம், நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் பல்கலைக்கழக டோம். சிரக்யூஸில் செப்டம்பருக்குப் போகிறவர்களிடம் யாராவது 'உள்ளே புழுங்கும்' என்றால் அது பழைய கதை. 1980-ல் திறந்ததிலிருந்து ஏசி இல்லாமலே இருந்தது, 2020-ல் புதுக் கூரையோடு ஏசியும் வந்துவிட்டது. ஆனால் மினசோட்டா பல்கலைக்கழகம் 27 சீசன் உள்ளரங்கில் ஆடிவிட்டு, 2009-ல் வேண்டுமென்றே வளாகத்துக்குள் திறந்தவெளி ஸ்டேடியம் கட்டிக்கொண்டு திரும்பியது. வானத்துக்குக் கீழே பார்ப்பதை அந்த ஊர் மக்கள் எவ்வளவு விரும்புகிறார்கள் என்பது அதிலேயே தெரியும்.

அக்டோபர் நடுப்பகுதி பெரும்பாலான ஊர்களில் இதமானது. அதனால்தான் டிக்கெட்டும் ஹோட்டலும் அப்போது குறைவதில்லை.

## ஒரே பார்வையில்

| | செப்டம்பர் பகல், தெற்கு | செப்டம்பர் இரவு, தெற்கு | நவம்பர் பகல், வடக்கு | டிசம்பர் இரவு, வடக்கு |
|---|---|---|---|---|
| உடம்புக்கு ஆபத்து | அதிகம் | மிதம் | உடுப்பு சரியாக இருந்தால் குறைவு | அதிகம் |
| எப்போது சமாளிப்பது | டிக்கெட் வாங்கும்போது | டிக்கெட் வாங்கும்போது | கிளம்பும்போது | கிளம்பும்போது |
| எடுக்க வேண்டிய பக்கம் | மேற்கு, மேல் அடுக்கின் நிழல் | மேற்கு | கிழக்கு, கீழ் வரிசை | கீழ் வரிசை, காற்று மறைவு |
| நேரம் முன்பே தெரியுமா | தெரியும் | தெரியும் | பெரும்பாலும் 6–12 நாள் முன்பு | சுமார் இரண்டு வாரம் முன்பு |
| மறைமுகச் செலவு | தண்ணீர், நிழல் சீட், மின்னல் தாமதம் | ஹோட்டல் | உடுப்பு, விடுமுறை விமானம் | உடுப்பு, விமானம், ஹோட்டல், டிக்கெட் விலையும் |
| ஆட்டத்தின் தரம் | பெரும்பாலும் சாதாரணம் | கலவை | உயர்வு | உச்சம் |

## யாருக்கு எது

முதல் வருட மாணவர்கள், கையில் பணம் குறைவு என்றால் செப்டம்பர் மேட்ச்சே போங்கள். இரவு கிடைத்தால் இரவு. பகல்தான் என்றால் தொப்பி, வெளிர்நிறச் சட்டை. அணியின் நிறம் மெரூனாகவோ கறுப்பாகவோ இருந்தாலும் வெள்ளை போடுவதில் தப்பில்லை.

ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு செப்டம்பர் இரவு. குளிர்காலம் வரை தங்குகிறார்கள், நெஞ்சுவலி தொந்தரவு இல்லை என்றால் நவம்பர் 11 மணி மேட்ச்சும் நல்ல தேர்வு. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நவம்பர் பகல், பாதியில் கிளம்பும் மனநிலையோடு. கைக்குழந்தையோடு போகிறவர்கள் அக்டோபருக்குக் காத்திருங்கள், அல்லது கூரை உள்ள இடம். விளையாட்டை நன்கு தெரிந்து ரசிப்பவர்கள் சந்தேகமே இல்லாமல் நவம்பர் கடைசி வாரம்.

## எப்போது எழுந்து வர வேண்டும்

எந்த மேட்ச் எடுத்தாலும் இதைக் கூட வருபவர்கள் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வெயிலில் தலைவலி, குமட்டல், காலில் தசைப்பிடிப்பு வந்தால் உடனே எழுந்து கேலரிக்குக் கீழே இருக்கும் நிழல் நடைபாதைக்கு வந்துவிட வேண்டும். தண்ணீர், ஈரத்துணி, ஓய்வு. பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்புச் சூடு 40-ஐத் தாண்டியிருக்கும். அப்போது பக்கத்திலிருக்கும் ஊழியரைக் கூப்பிடுங்கள், கிடைக்காவிட்டால் 911. ஆள் வரும்வரை கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். கூல்டிரிங்க் கடையில் ஐஸ் கேட்டால் கொடுப்பார்கள்.

குளிரில் நடுங்குவது இயல்பு. நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நடுக்கம் நின்று, தூக்கக் கலக்கமாக, தடுமாறிப் பேசினால்தான் ஆபத்து. விரல் நுனியோ காது மடலோ வெளிறி மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது. கதகதப்பான இடத்துக்கு அழைத்துப்போய் ஈர உடுப்பை மாற்றி முதலுதவி அறைக்குக் கொண்டு போக வேண்டும். பெரிய ஸ்டேடியங்களில் முதலுதவி அறைகள் எங்கே என்பது வரைபடத்தில் போட்டிருக்கும். சீட்டில் உட்காருவதற்கு முன்பே உங்கள் பகுதிக்கு அருகில் இருப்பது எது என்று பார்த்துவிடுங்கள்.